ஓடுகிற சர்வரில் இரண்டாவது வரதன்

நான் ஓய்வு பெற்ற அன்று, எனக்குப் பின் ஆஸ்பத்திரி சர்வரைப் பார்த்துக்கொள்ளும் நீங்கள் மூன்று பேரும் ஒரு கேள்வி கேட்டீர்கள். "இத்தினி வருஷத்துல நீங்க ரொம்ப பயந்தது எப்போ மேடம்?" வாயில் கேக் இருந்ததால் அன்றைக்குத் தப்பித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கேள்வி என்னை விடவில்லை, அதனால் எழுதுகிறேன். கட்டளைகளை எல்லாம் இதில் எழுதப்போவதில்லை. அவை உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும், தெரியாவிட்டாலும் தேடினால் கிடைக்கும். எந்த இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும் என்பதுதான் தேடினால் கிடைக்காது.

முதலில் வரதன் கதையைச் சொல்லிவிடுகிறேன். நம் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய பெரிய டாக்டர் சின்ன காஞ்சிபுரத்துக்காரர், வரதராஜப் பெருமாள் பக்தர். ஆம்புலன்ஸ் வாங்கினால் அதற்குப் பெயர் வரதன், ஜெனரேட்டர் வாங்கினால் அதுவும் வரதன். முதல் சர்வர் வந்து இறங்கியதும் மாலை போட்டுவிட்டு, "இதுக்கும் அவர் பேரே இருக்கட்டும் எஸ்தர்" என்றார். நான் முசரவாக்கத்துக்காரி, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். எனக்கு அதில் ஆட்சேபம் ஒன்றும் இல்லை. சர்வருக்கு மட்டுமல்ல, உள்ளே இரண்டு டிஸ்குகளைச் சேர்த்து ஒரே இடமாக்கினேனே, அந்த வால்யூம் குரூப்புக்கும் வரதன் என்றே பெயர் வைத்தேன்.

சில வருடங்கள் கழித்துப் புது சர்வர் வந்தது. பெரிய டாக்டர் அப்போது உயிரோடு இல்லை. மரியாதைக்காக அதற்கும் அதன் குரூப்புக்கும் வரதன் என்றே வைத்தேன். பழைய பெட்டி பழைய இரும்புக்குப் போகிறது, இதில் யாருக்கு என்ன குழப்பம் வரப்போகிறது என்று நினைத்தேன். சின்ன காஞ்சிபுரத்தில் தெருமுனையில் நின்று "வரதா" என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், ஆனால் எந்த வரதன் என்று அவர்களுக்குள் தெரிந்துவிடும். மெஷினுக்கு அந்த விவரம் போதாது.

இன்னொன்றும் செய்தேன். புது சர்வருக்கு மாற்றியபோது இடம் போதவில்லை. மூன்று வருடத்துக்கு மேற்பட்ட பழைய ரிப்போர்ட்டுகளின் படங்களைக் கொண்டுபோக வேண்டாம் என்று முடிவு செய்தேன். யாரும் சொல்லவில்லை, நானே எடுத்த முடிவு. "பழைய ரிப்போர்ட்டை எவன் கேட்கப்போகிறான்" என்று சொன்னதுகூட ஞாபகம் இருக்கிறது. பழைய டிஸ்குகள் இரண்டையும் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டினேன். பிறகு மறந்துபோனேன்.

நான்கு வருடம் கழித்து ஒரு வியாழக்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும். ரத்த வங்கி டெக்னீஷியன் ஜமுனா சர்வர் அறைக்கு நேரிலேயே வந்தாள். போனில் கேட்கிற பெண் அவள். நேரில் வந்தால் ஏதோ பெரிய விஷயம் என்று அர்த்தம்.

"மேடம், எட்டு வருஷம் முன்னாடி ரிப்போர்ட் ஒண்ணு வேணும். தேவின்னு பேரு. பிள்ளையார்பாளையம்."

"சிஸ்டத்துல அவ்ளோ பழசு இல்லியேம்மா."

"தெரியும் மேடம். தேடிப் பாத்துட்டுத்தான் வந்தேன்."

விஷயம் இதுதான். தேவிக்கு இரண்டாவது பிரசவம். நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கருப்பை வாயை அடைத்துக்கொண்டிருந்தது, காலையிலிருந்து ரத்தப்போக்கு. ஒன்றரை மணிக்கு ஆபரேஷன் என்று டாக்டரம்மா முடிவு செய்திருந்தார். ரத்தம் ஏற்றாமல் முடியாது. ஆனால் முதல் பிரசவத்தில் இதே ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றியபோது ஏதோ ஆகியிருக்கிறது என்று அவள் கணவர் சொல்லியிருக்கிறார்.

அவரை ஜமுனா கையோடு கூட்டி வந்திருந்தாள். சேகர் என்று பெயர், பட்டு நெசவாளி. தறியிலிருந்து அப்படியே எழுந்து வந்திருக்கிறார் போல, சட்டையில் அறுந்த இழைகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

"ரத்தம் ஏத்தி பத்து நாள்ல கண்ணெல்லாம் மஞ்சளாயிடுச்சும்மா. அப்பாலே மெட்ராசுக்கு ரத்தம் அனுப்பிப் பாத்தாங்க. ஏதோ ஒரு எழுத்து இவளுக்கு ஒத்துக்காதுன்னாங்க. ஒரு கார்டு கூட குடுத்தாங்க. வூடு மாறச்சொல்ல அதை நான்தான் எங்கியோ உட்டுட்டேன்." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"இப்ப டெஸ்ட் பண்ணிப் பாக்கக் கூடாதா ஜமுனா?"

"பண்ணிட்டேன் மேடம். ஒண்ணுமே காட்டல. அந்த எழுத்துக்கு எதிரா உடம்புல வர்றது வருஷக்கணக்கானா மறைஞ்சி போயிடும். ஆனா ஒத்துக்காத ரத்தம் உள்ளே போச்சின்னா, உடம்பு ஞாபகம் வெச்சிக்கினு இருந்து அடிக்கும். போன தடவைய விட மோசமா."

சென்னை லேபுக்கும் போன் செய்திருந்தாள். எட்டு வருடத்துப் பதிவு, தேடிவிட்டுச் சொல்கிறோம் என்று வைத்துவிட்டார்கள். அந்த ரிப்போர்ட்டின் படம் இருக்கிற ஒரே இடம் என் பீரோ.

பீரோவைத் திறந்தேன். ஒரு டிஸ்க் இருந்தது. பதற்றத்தில் நான் எண்ணவில்லை. இரண்டு வைத்தோம் என்பது அப்போது மனதில் வரவே இல்லை.

அந்த டிஸ்க் சாதாரணக் கம்ப்யூட்டரில் பொருந்தாது. சர்வர் ஸ்லாட்டில்தான் போகும். நம்மிடம் இருந்தது ஒரே சர்வர். அது ஓடிக்கொண்டிருந்தது. ஐசியூவின் லேப் முடிவு, மருந்தகம், ஆபரேஷன் தியேட்டர், ரத்த வங்கி எல்லாம் அதன் மேல்தான். அதை நிறுத்த முடியாது, நிறுத்திவிட்டு எழுப்பவும் நேரம் இல்லை.

ஓடுகிற சர்வரில் ஒரு பழைய டிஸ்கைச் செருகி, உள்ளே என்ன இருக்கிறது என்று ஸ்கேன் செய்வது என்ன பெரிய காரியம் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படி நினைத்தவள்தான். இங்கே வருவதற்கு முன் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தேன். அங்கேயும் புதுசுக்கும் பழசுக்கும் ஒரே பெயர். பழைய டிஸ்கைச் செருகினேன், ஸ்கேன் செய்து கண்டதை எல்லாம் எழுப்பி வேலைக்குக் கொண்டுவா என்று ஒரே வரியில் சொன்னேன். அன்று முகூர்த்த சீசன். எந்தப் புடவை எந்தக் கல்யாணத்துக்கு என்று பகல் முழுக்க எழுதியதெல்லாம் பழைய டிஸ்கில் போய் விழுந்தது. மறுநாள்தான் தெரிந்தது. ஒரே அரக்குப் புடவைக்காக இரண்டு மணப்பெண் வீட்டார் கடையில் நின்று சண்டை போட்டார்கள். அப்படிப் பட்ட பிறகும் இங்கே மரியாதைக்காக அதே பெயரை வைத்தவள் நான். அங்கே போனது புடவை. இங்கே அதே தப்பு நடந்தால் ஐசியூவில் யாருடைய பொட்டாசியம் அளவு யாருடைய திரையில் வரும்?

டாக்டரம்மா போனில் வந்தார். அவர் குரல் எப்போதும் உயராது. "எஸ்தர், பன்னிரண்டே முக்காலுக்குள்ள எனக்குத் தெரியணும். தெரியலைன்னா இருக்கற பையை வெச்சிண்டு ஆரம்பிப்பேன். எனக்கு அது பிடிக்கலை."

"பாத்துக்கினே இருக்கேன் டாக்டர்" என்றேன். பார்க்கவே ஆரம்பிக்கவில்லை.

இப்போதெல்லாம் டிஸ்கை உள்ளே தள்ளினாலே போதும், நாம் கேட்காமலே சர்வர் அதை எட்டிப் பார்க்கும், குரூப் ஒன்று கண்ணில் பட்டால் அதுவே எழுப்பவும் பார்க்கும். ஆகவே டிஸ்கைத் தொடுவதற்கு முன்பே, நான் சொல்லும் வரை காலி ஸ்லாட்டுகள் பக்கம் திரும்பாதே என்று சர்வரிடம் எழுதி வைத்தேன். எழுதியதை மூன்று தடவை படித்தேன். ஜமுனா பின்னால் நின்று மூச்சு விடுவது கேட்டது. சேகர் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். பெஞ்சு இருந்தும் உட்காரவில்லை.

டிஸ்கைத் தள்ளினேன். பழைய டிஸ்க் சுற்றத் தொடங்கும் சத்தம் உங்களுக்குத் தெரியும், கிழட்டு மின்விசிறி முனகுவதைப் போல இருக்கும். அது நிதானத்துக்கு வரும் வரை எதையும் தொடவில்லை.

அதே சமயம் மேஜை போன் அடித்தது. மருந்தகம். "மேடம், சிஸ்டம் நின்னுபோச்சு."

கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். டிஸ்கைப் பிடுங்கக் கை போனது. போன கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன், "என்ன நின்னுது? திரையா, பிரின்டரா?"

"பில்லு வரல மேடம்."

"திரையில பேஷன்ட் பேரு வருதா?"

"அது வருது மேடம்."

பேப்பர் சிக்கியிருந்தது. அவ்வளவுதான். அந்தப் பையன்மேல் வந்த கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை. ஆனால் பதறி அந்த டிஸ்கைப் பிடுங்கியிருந்தால் நிஜமாகவே ஏதாவது ஆகியிருக்கும். போனில் யாராவது "நின்னுபோச்சு" என்றால் எது நின்றது என்று முதலில் கேளுங்கள்.

பிறகு அந்த ஒரு டிஸ்கை மட்டும், எதையும் எழுதாமல், பார்க்க மட்டும் சொல்லி ஸ்கேன் செய்தேன். வரதன் வந்தான். கூடவே ஒரு எச்சரிக்கை. இந்தக் குரூப்பில் இரண்டு டிஸ்க், அதில் ஒன்றைக் காணவில்லை.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. பீரோவில் வைத்தது இரண்டு.

மணி பன்னிரண்டு. காணாமல் போனதை வெட்டிவிட்டு, இருப்பதை வைத்து நடத்து என்று சொல்ல ஒரு கட்டளை இருக்கிறது, உங்களுக்கும் தெரியும். என் விரல்கள் அதை அடித்தே விட்டன. என்டர் மட்டும்தான் பாக்கி.

"போட்டுடுங்க மேடம்" என்றாள் ஜமுனா. "பாதியாவது கிடைக்குமில்ல?"

நானும் அதைத்தான் நினைத்தேன், பொய் சொல்லவில்லை. நேரம் போகும்போது எதையாவது செய்துகொண்டிருப்பது பெரிய ஆறுதல். சும்மா உட்கார்ந்திருந்தால் எல்லாரும் நம்மையே பார்ப்பதுபோல இருக்கும். ஆனால் திரையில் இருந்த வார்த்தையைத் திரும்பப் படித்தேன். காணவில்லை என்றுதான் இருந்தது. கெட்டுப்போனது என்று இல்லை. காணாமல் போன பொருளைத் தேடிப் பார்க்காமலே இறந்துவிட்டதாக எழுதினால், நாளைக்கு அது கிடைத்தாலும் இது அதைச் சேர்த்துக்கொள்ளாது. தேவியின் படம் எந்தப் பாதியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அடித்ததை எழுத்து எழுத்தாக அழித்தேன். மொத்தமாக அழிக்கும் பட்டனைக்கூட நம்பவில்லை.

"என்ன மேடம் அழிக்கறீங்க?" ஜமுனாவுக்கு அழுகை வந்துவிட்டது.

"இன்னொண்ணு எங்கியோ இருக்குதும்மா. பீரோ சாவி வேற யார் வாங்கினாங்க?"

சுத்தம் செய்ய அந்தச் சாவியை வாங்குகிறவர் துப்புரவுப் பிரிவு மேஸ்திரி கன்னியம்மா அக்கா ஒருவர்தான். அவருக்குப் போன் போட்டேன். மாப்பைக் கையில் பிடித்தபடியே வந்தார்.

"அக்கா, இதே மாதிரி இன்னொரு பெட்டி இந்த பீரோல இருந்துச்சே?"

அவர் டிஸ்கையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "அது சாமிகிட்டல்ல இருக்குது."

"எந்த சாமிகிட்ட?"

"ஜெனரேட்டர் ரூம்ல. பெரிய டாக்டரு கையால மாலை போட்ட மிசினாச்சே, அதுல ஒரு துண்டாவது இருக்கட்டும்னு ஆயுத பூஜைக்கு எடுத்தாந்து வெச்சோம். நீங்கதானே சாவி குடுத்தீங்கோ. வருஷா வருஷம் பொட்டு வெக்கறோமே, பொரி வாங்கியாந்து குடுத்தா தின்னுட்டுப் போறீங்கோ, பாத்ததில்லியா?"

பார்த்ததில்லை. பொரி கடலை கைக்கு வந்துவிடும், நான் அந்த அறைக்குள் எட்டிப் பார்த்ததே இல்லை.

இரண்டு பேரும் ஓடினோம். என் வயதுக்கு அது ஓட்டம்தான். டூல்ஸ் பெட்டிக்கும் ஸ்பானருக்கும் நடுவில், பெரிய டாக்டர் படத்தின் கீழ், என் டிஸ்க் உட்கார்ந்திருந்தது. நாலு வருடத்துச் சந்தனமும் குங்குமமும் ஏடு ஏடாகக் காய்ந்திருந்தன. ஸ்லாட் எண் எழுதி ஒட்டிய லேபிள் சந்தனத்துக்கு அடியில் எங்கேயோ இருந்தது. என் பயம் லேபிளைப் பற்றி இல்லை, சர்வரோடு பொருந்தும் பின்பக்கத்துப் பற்களைப் பற்றி. அங்கே ஒரு சொட்டுச் சந்தனம் போயிருந்தால் எல்லாம் முடிந்தது.

"பின்னாடி எல்லாம் வெக்கல" என்றார் அக்கா. "முகத்துலதான் வெச்சோம்."

திருப்பிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. காய்ந்த துணியால் முன்பக்கத்தைத் துடைக்கப் போனபோது, "மன்னிச்சிக்கோன்னு சொல்லிட்டுத் தொடைங்க மேடம்" என்றார். சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

பன்னிரண்டு இருபதுக்கு அது உள்ளே போனது. மறுபடியும் பார்க்க மட்டும் ஒரு ஸ்கேன். இந்தத் தடவை எச்சரிக்கை வரவில்லை. இரண்டும் சேர்ந்துவிட்டன. சந்தோஷப்பட முடியவில்லை, ஏனென்றால் இப்போதுதான் இரண்டாவது வரதன் முழுசாக வந்திருக்கிறான். எழுப்புவதற்கு முன் அவன் பெயரை மாற்ற வேண்டும். ஓடுகிற வரதனின் பெயரை மாற்றிவிட்டால் ஆஸ்பத்திரியே தள்ளாடும். பெயரைச் சொல்லி மாற்றும் துணிவு எனக்கு இல்லை. ஒவ்வொரு குரூப்புக்கும் உள்ளே நீளமான அடையாள எண் ஒன்று இருக்கிறதே, அதைச் சொல்லி மாற்றுவது என்று முடிவு செய்தேன். ஜமுனாவைத் திரையைப் பார்த்து நாலு நாலு எழுத்தாகப் படிக்கச் சொன்னேன். நான் காகிதத்தில் எழுதினேன். பிறகு நான் படிக்க, அவள் சரிபார்த்தாள்.

"மேடம், டைம் ஆவுது."

"இன்னொரு தடவை படிம்மா."

"மேடம்…"

"படிம்மா."

படித்தாள். பெயரை மாற்றினேன். ஓடுகிற வரதன் அசையவில்லை. மருந்தகத்துக்கு நானே போன் செய்து கேட்டேன், பேஷன்ட் பேர் வருகிறதா என்று. வந்தது. பழைய வரதனைப் படிக்க மட்டும் திறந்தேன்.

அந்த வருடத்தில் பிரசவ வார்டில் ஒன்பது தேவிகள். கணவர் பெயர் சேகர் என்று இரண்டு பேர். கதவைத் திறந்து, "உங்க முதல் குழந்தை எந்த மாசம்பா?" என்றேன். "மாசி" என்றார். படம் திறந்தது. சென்னை லேபின் ரிப்போர்ட், கடைசியில் ஒரே வரி. சின்ன 'சி' உள்ள ரத்தம் ஆகாது. ஏ, பி என்பதுபோல ரத்தத்துக்கு உள்ள இன்னொரு அடையாளம் அது.

ஜமுனா பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். பெரிய எழுத்து இல்லை, சின்ன எழுத்து என்று திருப்பிச் சொல்ல வைத்தேன். ஓடினாள். மணி பன்னிரண்டு நாற்பத்தொன்று.

பிறகு எனக்கு வேலை இல்லை. அதுதான் அன்றைக்கு மிக மோசமான நேரம். தேவியின் ரத்தப் பிரிவில் பதினோரு பைகள் இருந்தன. அவற்றில் அந்த எழுத்து இல்லாதவை நாலுதான் என்று ஜமுனா போனில் சொன்னாள். நாலு போதுமா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. சர்வர் அறையில் உட்கார்ந்து, ஓடுகிற விளக்குகளைப் பார்த்துக்கொண்டு ஜெபம் செய்தேன். மூன்று பை ஏறியது. மூன்று மணிக்கு டாக்டரம்மாவே கூப்பிட்டார். "பொண்ணு. ரெண்டு பேரும் நன்னா இருக்கா. போய்ச் சாப்பிடு எஸ்தர்."

சாயங்காலம் சேகர் வந்தார். கும்பிட்டார். "நான் தொலைச்சதை நீங்க எடுத்துக் குடுத்தீங்கோம்மா" என்றார். என்னால் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. நாலு வருடத்துக்கு முன் இடத்தை மிச்சம் பிடிக்க அந்தப் படத்தை விட்டுவந்தவள் நான். நான் விட்டுவராமல் இருந்திருந்தால் ஜமுனா தன் மேஜையிலேயே ஒரு நிமிடத்தில் பார்த்திருப்பாள். அதைச் சொல்ல வாய் வரவில்லை. "போயி குழந்தையப் பாருங்க" என்று அனுப்பிவிட்டேன். எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். பாராட்டு ஒவ்வொன்றும் உள்ளே குத்தியது.

அந்த வாரமே பழைய படங்கள் அத்தனையையும் புதிதில் ஏற்றினேன். இனி எந்தக் குரூப்புக்கும் இன்னொன்றின் பெயர் கிடையாது என்று முடிவானது. நீங்கள் "என்ன மேடம் இவ்ளோ நீளப் பேரு" என்று சலித்துக்கொள்வீர்களே, அது இதனால்தான். கன்னியம்மா அக்காவின் டிஸ்கில் இருந்ததை அழித்துவிட்டு அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம், குழந்தைக்குக் காய்ச்சல் என்று சேகரும் தேவியும் வந்திருந்தார்கள். வராந்தாவில் என்னைப் பார்த்ததும் சேகர் பர்சைத் திறந்து ஒரு கார்டைக் காட்டினார். லேமினேட் செய்தது. "இந்தத் தடவை தொலைக்கலம்மா. அன்னிக்கி என்னால எத்தினி பேருக்குக் கஷ்டம். இவ இன்னும் சொல்லிக் காட்டிக்கினு இருக்கா."

தேவி சிரித்தாள். எனக்குத் தாங்கவில்லை. அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். படம் சர்வரில் இருந்திருக்க வேண்டும், வேண்டாமென்று விட்டவள் நான், உங்கள் கார்டு தொலைந்ததைவிட என் தப்புதான் பெரியது என்றேன்.

சேகர் தேவியைப் பார்த்தார். அவள் சிரிப்பு நின்றிருந்தது. குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் கைப்பையைத் திறந்து, அதே மாதிரி இன்னொரு கார்டை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"மூணு காப்பி போட்டு வெச்சிருக்கோம் மேடம். ஒண்ணு உங்ககிட்ட இருக்கட்டும்."

வாங்கிக்கொண்டேன். இப்போதும் என் பர்சில் இருக்கிறது.